நாற்பது வேகன், சரி

கென்ட்ரா இரண்டாவது முறையும் நாற்பது என்றாள்.

எண் குறைய வேண்டும். நாற்பதுக்கு அடுத்தது முப்பது, அதற்கடுத்தது இருபது. ரயிலை முன்னால் தள்ளிக்கொண்டு போகிறவனுக்கு இதைவிட்டால் வேறு வேதம் கிடையாது. லையல் எஞ்சினில் இருந்தார். அவருக்கு முன்னால் இருபத்திரண்டு காலி தானிய வேகன்கள். முன்கோடியில் உள்ள கடைசி வேகனின் ஏணியில் தொங்கியபடி கென்ட்ரா ரேடியோவில் எண் சொல்வாள். அத்தனை வேகன் நீளத்துக்குப் பாதை காலியாக இருக்கிறது என்று அர்த்தம். லையல் அதைத் திருப்பிச் சொல்லிச் 'சரி' போட வேண்டும். சொன்ன தூரத்தில் பாதி போயும் அடுத்த எண் வராவிட்டால், எந்தக் கேள்வியும் இல்லாமல் வண்டியை நிறுத்திவிட வேண்டும். கண் அவளுடையது, கை இவருடையது.

"நாற்பது, சரி" என்றார் லையல், முப்பத்தோரு வருடப் பழக்கத்தில்.

சொன்ன பிறகுதான் உறுத்தியது. கென்ட்ரா வெறும் எண்ணைச் சொல்கிற ஆளில்லை. "நாற்பது, பெருசு. மெதுவா வா, காபி சிந்திடப் போகுது" என்று ஏதாவது வாலை நீட்டாமல் அவளால் இருக்க முடியாது. இப்போது வந்தது மொட்டையாக இருந்தது. குளிரில் வாய் விறைத்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். பிற்பகல் மூன்று மணிதான். ஆனால் சமவெளி முழுவதும் பனிப்பொடியைக் காற்று கிளப்பிவிட்டிருந்ததில் மூன்றாவது வேகனுக்கு அப்பால் உலகமே இல்லை, வெள்ளைதான்.

முறையாகப் பார்த்தால் ஜனவரியில் ஒரு ரயிலை இப்படித் தள்ளிக்கொண்டு போகவே கூடாது. எஞ்சின் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வருவதற்கென்று ஒரு பக்கத் தண்டவாளம் இருந்தது. அதைப் பிடுங்கி இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். பனி தள்ளும் கலப்பை வண்டியும் போயிற்று. நாற்பத்தொரு மைல் பாதை, தொட்டால் உதிரும் ஸ்லீப்பர் கட்டைகள், லையலின் தாத்தா காலத்துத் தண்டவாளம், மணிக்குப் பத்து மைலுக்கு மேல் போனால் வண்டி தரையில் இறங்கி நடக்கும். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். பதினெட்டுப் பேர் பார்த்த வேலையை இப்போது மூன்று பேர் பார்த்தார்கள்: லையல், கென்ட்ரா, அப்புறம் அலுவலகத்தில் கர்டிஸ். கர்டிஸ்தான் மேனேஜர், அவனேதான் டெலிபோன், பாதையைப் பார்வையிட்டதாகக் கையெழுத்துப் போடுகிறவனும் அவனே.

கடைசி ஊரின் தானியக் கிடங்கு ஒன்றுதான் மிச்சமிருந்த வாடிக்கை. வெள்ளிக்கிழமைக்குள் காலி வேகன்கள் வராவிட்டால் கோதுமையை லாரியில் ஏற்றிவிடுவோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். இன்று வெள்ளிக்கிழமை. கிளம்பலாமா என்று லையல் காலையில் யோசித்தபோது கென்ட்ராதான் பிடிவாதமாக நின்றாள். அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள், இந்த வேலையை விட்டால் அந்த மாவட்டத்தில் வேறு வேலை இல்லை. லையல் ஒத்துக்கொண்டார். அதற்காக இப்போது தன்னையே திட்டிக்கொண்டிருந்தார்.

கிடங்குக்கு ஒரு மைல் முன்னால் பாதை ஒரு மேட்டை வெட்டிக்கொண்டு பள்ளத்துக்குள் போகும். உள்ளே நுழைந்ததும் இரண்டு பக்கமும் பனிச்சுவர் ஜன்னல் உயரத்துக்கு எழும்பியது, டீசல் புகை வெளியே போக வழியில்லாமல் எஞ்சினுக்குள்ளேயே திரும்பிக் கசந்தது, வேகன்களின் விலா பனியை உரசிக்கொண்டு போகும் ஓசை யாரோ நீளமாகத் துணி கிழிப்பதுபோல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசியது. அப்போதுதான் இடது ஜன்னலுக்குக் கீழே ஆரஞ்சு நிறம் ஒன்று நகர்ந்துபோனது.

சட்டை. ஒரு கை. விரியத் திறந்த வாய்.

லையல் பிரேக்கை அடித்தார். வேகன்கள் ஒன்றையொன்று இடித்து நின்றன. படியில் இறங்கி, இடுப்பளவு பனியில் நீந்தி, கென்ட்ராவை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி எஞ்சினுக்குள் இழுத்துப் போட்டார். அவள் கணுக்கால் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. குளிரில் பல் கிட்டியிருந்தது. ஹீட்டர் பக்கத்தில் உட்காரவைத்துத் தன் கோட்டைப் போர்த்தினார்.

"பனிச்சுவரு என்னைத் தட்டி விட்டுடுச்சு" என்றாள். "கத்தினேன். உனக்குக் கேக்கல."

எப்போது விழுந்தாய் என்று கேட்டார். நாற்பது என்று சொன்ன உடனேயே என்றாள்.

"எந்த நாற்பது?"

அவள் புரியாமல் பார்த்தாள். "ஒரு தடவைதானே சொன்னேன்? அதுக்குள்ள ரேடியோ வாரு ஏணில மாட்டி அறுந்து போச்சு. ரேடியோ அங்கதான் தொங்கிக்கிட்டிருக்கு, கோடி வேகன்ல."

லையலுக்குப் பயமாக இருந்தது, அதை அவளிடம் காட்டவும் பயமாக இருந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று எஞ்சினைப் பின்னுக்கு எடுத்துப் பார்த்தார். சக்கரம் அதே இடத்தில் வழுக்கிச் சுற்றியது. முன்னுக்கும் அப்படித்தான். நின்ற இரண்டு நிமிடத்தில் பனி அடியில் இறுகிவிட்டது. பின்கதவைத் தள்ளினார், திறக்கவில்லை. சுவர் சரிந்து எஞ்சினின் பின்பக்கத்தை மூடியிருந்தது. வெளியே மைனஸ் முப்பது. கிடங்கு வரை ஒரு மைல். தனியாக என்றால் நடந்து பார்க்கலாம்; உடைந்த காலோடு இருக்கிறவளை விட்டுவிட்டு அவர் எங்கே போவார்?

ரேடியோ கரகரத்தது.

"இருபது" என்றது. கென்ட்ராவின் குரல்.

"இருபது, சரி" என்றார் லையல்.

மனசு சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது. விரல் அதுவாகவே பொத்தானை அழுத்தியிருந்தது. கென்ட்ரா தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், தான் பேசவில்லை என்று உறுதி செய்துகொள்பவள்போல.

தொலைவில், ரயிலின் அந்தக் கோடியில், டங் என்று ஒரு சத்தம். காலி வேகன் என்பது பெரிய தகரப் பீப்பாய்தான். அதன் தலையில் பாரமாக ஏதாவது இறங்கினால் அப்படித்தான் அதிரும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டங், முன்னதைவிடக் கிட்டத்தில். பிறகு இன்னொன்று. பன்னிரண்டு வரை எண்ணினார். நின்றது.

"பத்து" என்றது ரேடியோ.

கென்ட்ரா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "பெருசு, நாம நின்னுக்கிட்டிருக்கோம். அப்ப எது நகருது?"

லையல் மைக்கைக் கொக்கியில் மாட்டினார். பதில் போடவில்லை. ஒரு நிமிடம் போயிற்று. காற்று மட்டும் கேட்டது. இரண்டாவது நிமிடமும் போயிற்று. டங் வரவில்லை.

"நீ சரி சொன்னாத்தான் அது வரும்" என்று கென்ட்ரா காதோடு சொன்னாள். "நம்ம சட்டம்தான் அதுக்கும்."

அப்படியானால் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். கலப்பை எங்கேயாவது இரவல் கிடைக்கும், நாளைக்குள் யாராவது வந்துவிடுவார்கள், எஞ்சினில் டீசல் இருக்கிறது. லையலுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"என்ன பெருசு, தூங்கிட்டியா?" என்றது ரேடியோ. "பத்து."

கென்ட்ராவின் கண்ணில் நீர் வழிந்தது. அவளுடைய கிண்டல்கூட அதற்கு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, நாற்பது மைலுக்கு அப்பால், சூடான அறையில் உட்கார்ந்து அதே ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்த கர்டிஸ் உதவிக்கு வந்தான். "லையல், அவ பத்துன்னு எத்தனை தடவை சொல்லுவா? காது அடைச்சிருச்சா உனக்கு? கென்ட்ரா, எனக்குக் கேக்குதும்மா. பத்து, சரி."

டங்.

லையல் மைக்கைப் பறித்து அழுத்தினார். அவன் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தான். ஒருவர் அழுத்தியிருக்கும்போது அடுத்தவர் பேச்சு போகாது. கர்டிஸ் சாவகாசமாக, கிடங்கிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது, இன்றைக்கு எப்படியாவது சேர்த்துவிடுங்கள் என்று பேசிக்கொண்டே போனான்.

டங். டங். டங். டங்.

"அஞ்சு."

"அஞ்சு, சரி. பாத்தியா, இப்படித்தான் வேலை நடக்கணும்."

டங். டங். டங். வெள்ளைக்குள் மூன்றாவது வேகனின் மேல் பனி கலைந்தது. அங்கே நின்றதை லையல் முழுதாகப் பார்க்கவில்லை. உயரம் மட்டும் தெரிந்தது. அது நிமிர்ந்து நிற்கவில்லை, குனிந்திருந்தது. குனிந்துமே அந்த உயரம்.

"ரெண்டு."

கர்டிஸ் விரலை எடுத்த நொடியில் லையல் பொத்தானை அழுத்திக் கத்தினார். "கர்டிஸ், வாயை மூடு! கென்ட்ரா இங்க என் பக்கத்துல இருக்கா. அது அவ இல்ல. இனிமே 'ரெண்டு, சரி'ன்னு சொல்லித் தொலைக்காத!"

சொல்லி முடித்த பிறகுதான் தன் காதிலேயே விழுந்தது. நுணலும் தன் வாயால் கெடும். கென்ட்ரா கண்ணை மூடிக்கொண்டாள்.

டங்.

மிகவும் பக்கத்தில். எஞ்சினின் தரை அதிர்ந்தது.

"ஒண்ணு" என்றது குரல்.

கர்டிஸ் மெதுவாக, பயந்த குழந்தைபோல, கென்ட்ரா அங்கே இருந்தால் இது யார் என்று கேட்டான். பிறகு அவனும் பேசவில்லை. லையல் மைக்கின் கம்பியைப் பிடுங்கி எறிந்தார். உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டார். கென்ட்ரா இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று பேரும் ஊமை. இனி சொல்ல ஆளில்லை.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். முன் ஜன்னலில் வெளிப்பக்கம் பனி படிந்து மூடியது. ஹீட்டர் முனகியது. ஒன்றும் நடக்கவில்லை. கென்ட்ரா அவர் தோளில் சாய்ந்தாள். தன் பெண்களின் பெயரைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருப்பது அவள் உதட்டில் தெரிந்தது.

ரேடியோ கரகரத்தது.

"ஒண்ணு, சரி."

லையலின் குரல்.

அதே அலுப்பு. அதே தொண்டைக் கரகரப்பு. முப்பத்தோரு வருடம் சொன்ன அதே 'சரி'. லையலின் உதடு பூட்டியிருந்தது. மைக் தரையில் கிடந்தது.

டங் இல்லை. இந்த முறை எஞ்சினின் மூக்கில் நகம் பட்டு இழுபடும் ஓசை. பிறகு முன்கதவின் கைப்பிடி. அதன் தாழ்ப்பாள் உடைந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது; கம்பி சுற்றி வைத்திருந்தார்கள். கம்பி நிதானமாக அவிழ்ந்தது.

கதவு ஒரு சாண் திறந்தது. பனி உள்ளே தூவியது. ஒரு கை வந்தது. வெறும் கை, சாம்பல் நிறம், விரல்கள் ஒழுங்கான விரல்கள். மணிக்கட்டு வந்தது. அதன் பின்னால் முன்கை வந்தது. வந்துகொண்டே இருந்தது. லையலின் முட்டிக்கு மேலாக, மார்புக்கு முன்னால், அவரைத் தொடாமல், அவசரமே இல்லாமல், பின்சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்த கென்ட்ராவின் வாயை நோக்கிப் போனது. நகர லையலுக்கு இடமில்லை. அவர் கதவைப் பார்த்தார்.

முழங்கை இன்னும் வரவில்லை.