வெள்ளிக்கிழமை வந்த வெள்ளை வண்டி

"உள்ளே வாங்கம்மா" என்று டொரத்தி இரண்டு தரம் கூப்பிட்டும் அந்தப் பெண் மாடிப்படியை விட்டு நகரவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

"வரக்கூடாதுங்க. எங்க வீட்டுக்கு நேத்து அம்மை வண்டி வந்துச்சு. என் மூச்சு பட்டா உங்களுக்கும் ஆகாது."

எதிர்வீட்டு ஜன்னல் பட்டென்று சாத்திக்கொண்டது. அந்த வருஷம் ஜொகூர் பாருவில் யாருக்கும் யார் மேலும் நம்பிக்கை இல்லை. கடலுக்கு இந்தப் பக்கம் வைசூரி. அந்தப் பக்கம் சிங்கப்பூரிலும் வைசூரி. இரண்டு கரையையும் சேர்த்துப் பாலம் போட்டுச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. வியாபாரம் வந்த வழியிலேயே வியாதியும் வந்துவிட்டது என்று ஜனங்கள் பாலத்தைத் திட்டித் தீர்த்தார்கள். பாவம், பாலம் என்ன செய்யும்?

கேப்ரியல் எழுந்து தம் நாற்காலியைத் தூக்கிவந்து படியருகே போட்டு உட்கார்ந்தார். சிங்கப்பூர் போலீசில் துப்பறியும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. டொரத்தி அவருடைய அண்ணன் மகள். பாலத்தின் ஜொகூர் முனையில் அம்மைத் தடுப்புச் சாவடியில் நர்ஸ் உத்தியோகம். சித்தப்பாவிடம் வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"அங்கேயே உக்காந்து சொல்லுங்க தாயி. அவசரமில்ல" என்றார் கேப்ரியல்.

அவள் பெயர் பேச்சியம்மாள். புருஷன் வேலு, பெக்கான் நானாஸிலிருந்து அன்னாசிப் பழம் ஏற்றிப் போகும் படகில் வேலை பார்த்தவன். சிங்கப்பூர்க் கரையில் சுங்கக் காவலாளி ஒருவனைப் படகு முதலாளி துடுப்பால் அடித்துக் கொன்றதை அவன் கண்ணால் பார்த்துவிட்டான். பார்த்தது அவன் ஒருவன்தான். வருகிற திங்கட்கிழமை சிங்கப்பூர்க் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும். முதலாளி சிறையில் இருந்தாலும் அவன் ஆட்கள் வெளியே இருக்கிறார்கள் என்பதால், கேசை நடத்தும் சிங்கப்பூர் வக்கீல் இவர்களை ஜொகூர் பாருவில் ஒரு காப்பிக்கடை மாடியில் ஒளித்து வைத்திருந்தார். வந்த நாள் முதல் புருஷனும் பெண்டாட்டியும் தெருவில் கால் வைக்கவில்லை, ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை.

"நேத்து சாயங்காலம் வெள்ள வண்டி ஒண்ணு வந்து நின்னுச்சுங்க. பக்கத்துல பிறையும் நட்சத்திரமும் போட்டிருந்துச்சு. ரெண்டு பேரு, வெள்ளக் கோட்டு, மூஞ்சியில துணி. 'உன் கூட படகுல வந்தவனுக்கு அம்மை, நீ தனியா இருக்கணும்'னு சொல்லி இவரை ஏத்திட்டுப் போயிட்டாங்க. காலையில ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டா, அப்படி யாரும் வரலன்றாங்க." பிறகு சேலையை வாயிலிருந்து எடுத்துவிட்டு நேராகவே சொன்னாள்: "ஐயா, சாட்சியும் வேணாம், கேசும் வேணாம். என் புருஷன் உசுரோட வந்தாப் போதும்."

டொரத்தி திங்கட்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரலில் எண்ணினாள். திங்கட்கிழமை வரை வேலுவைப் பத்திரமாக வைத்திருக்க அவன் எதிரிகளுக்கு என்ன அவசியம்? கடல் பக்கத்திலேயே இருக்கிறது.

"வந்தவங்க மூஞ்சி தெரியல. வேற ஏதாச்சும் கண்ணுல பட்டுச்சா?" என்று கேட்டார் கேப்ரியல்.

"காலு தெரிஞ்சுச்சுங்க. கோட்டுக்குக் கீழ முழங்கால் வரைக்கும் கீறல், ரத்தம் காயாத கீறல். அன்னாசி முள்ளு கிழிச்சது. நான் பெக்கான் நானாஸ்காரிங்க, பாத்தாத் தெரியும்."

"நீங்க இங்க இருக்கிறது யாருக்கெல்லாம் தெரியும்?"

மூன்று பேருக்கு. காப்பிக்கடை மூர்த்தி. வீட்டுக்காரி காளியம்மா, அவள் பின்கட்டில் இருக்கிறாள். மூன்றாவது தங்கராஜு, சிங்கப்பூர் வக்கீலின் குமாஸ்தா. கோர்ட்டில் என்ன கேட்பார்கள், எப்படிச் சொல்ல வேண்டும் என்று வேலுவுக்குப் பழக்கிக் கொடுப்பவர் அவர்தான்.

"தங்கமான மனுசருங்க. அவருக்கு நாயித்துக்கிழமதானே லீவு, லீவை விட்டுட்டு வாரா வாரம் ரயில் ஏறி வருவாரு. என் கையாலதான் சாப்பிடுவாரு. எங்க நல்ல நேரம், இன்னைக்குச் சனிக்கிழமையா இருந்தும் காலையில வந்துட்டாரு. கேட்டுத் துடிச்சுப் போயிட்டாரு."

கேப்ரியல் டொரத்தியைப் பார்த்தார். சாவடியில் டெலிபோன் இருந்தது. அவள் ஓட்டமாக ஓடினாள்.

இரண்டு ஊருக்கும் அப்போது ஒரு ஏற்பாடு இருந்தது. கொடி வேறு, சட்டம் வேறு, அதிகாரி வேறு என்றாலும் அம்மை எல்லை பார்த்து நிற்கவில்லை. அதனால் இரண்டு சுகாதார ஆபீசும் கைகோத்துக்கொண்டன. இங்கே யாரைத் தூக்கினாலும் அங்கே சொல்ல வேண்டும்; அங்கே தூக்கினால் இங்கே. ஜொகூரில் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அன்றைக்குச் சிங்கப்பூர் வண்டி பாலம் தாண்டி வந்து இரண்டு ஊரையும் பார்த்துக்கொள்ளும். சிங்கப்பூரில் ஞாயிறு விடுமுறை. அன்றைக்கு ஜொகூர் வண்டி அந்த வேலையைச் செய்யும். அண்ணன் தம்பி இருவர் ஒரே வீட்டில் முறை வைத்துக்கொள்வது போலத்தான்.

மறுமுனையில் சிங்கப்பூர்ச் சுகாதார ஆபீஸ் டிரஸ்ஸர் ஜெயபாலன் பேசினார். "வேலுன்னு யாரையும் நாங்க ஏத்தலையே சிஸ்டர்" என்றார் அவர். "நேத்து உங்க பக்கம் வந்ததும் எங்க வண்டிதான், உங்களுக்கே தெரியுமே. அந்தத் தெருவுக்கே போகல."

டொரத்தி மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது இன்ஸ்பெக்டர் யூசோப் வந்திருந்தார். ஜொகூர் போலீஸ்காரர், கேப்ரியலுக்குப் பழைய சிநேகிதர். இருவரும் மலாயில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வண்டி போலி சித்தப்பா!" என்றாள் டொரத்தி. "நேத்து சாயங்காலம் நான்தான் சாவடியில இருந்தேன். எந்த வண்டியும் என் முன்னாடி நிக்காமப் போக முடியாது. வெள்ள வண்டி பாலம் ஏறவே இல்ல. ஜொகூர் வண்டி மாதிரியே பிறையும் நட்சத்திரமும் எழுதத் தெரிஞ்சவன் உள்ளூர்க்காரன்தான். எனக்கு அந்த மூர்த்தி மேலதான் சந்தேகம். நேத்து அவன் கடையே திறக்கலையாம்!"

"பாதி சரி" என்றார் கேப்ரியல். எந்தப் பாதி என்று சொல்லவில்லை. அதுதான் அவரிடம் அவளுக்குப் பிடிக்காத குணம். "பாலம் ஏறலன்னா ஆளு இந்தக் கரையிலதான் இருக்கான். அன்னாசிக் காட்டுக்குள்ள நடந்து போனாத்தான் சேர முடியுற இடம். துவான் யூசோப், அந்தப் படகு முதலாளிக்கு இந்தக் கரையில இறங்குதுறை இருக்கா?"

"ஸ்கூடாய் ஆற்று வாயில் ஒன்று உண்டு" என்றார் யூசோப். "மேட்டில் அன்னாசித் தோட்டம், அதற்கு நடுவில் பழைய கொட்டகை."

"நீங்க அங்க போங்க. நான் காப்பிக்கடைக்குப் போறேன். நீங்க திரும்பி வர்ற வரைக்கும் அங்கேர்ந்து ஒரு ஆளும் வெளிய போகக்கூடாது. சேதி கொட்டகைக்கு எட்டிட்டா வேலுவை உயிரோட பாக்க முடியாது."

மூர்த்தியின் கடையில் வாடிக்கைக்காரர் ஒருவரும் இல்லை. அம்மை வண்டி நின்ற கடையில் யார் காப்பி குடிப்பார்கள்? காளியம்மா மூக்கை மூடிக்கொண்டு பின்வாசலில் நின்றாள். தங்கராஜு, கறுப்புக் கோட்டும் தங்க விளிம்புக் கண்ணாடியுமாக, பேச்சியம்மாளுக்குத் தேறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். தெருவாசலில் ஒரு கான்ஸ்டபிள் சும்மா நிற்பதுபோல் நின்றான்.

கேப்ரியல் காப்பி கேட்டார். வந்த காப்பியை ஆற்றினார். மறுபடியும் ஆற்றினார். டொரத்தி வாசலுக்கும் பெஞ்சுக்குமாக நடந்தாள். அங்கே கொட்டகையில் என்ன நடக்கிறதோ, இவர் என்னடாவென்றால் நுரையை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்!

"நேத்து கடை ஏன் திறக்கல மூர்த்தி?"

"வெள்ளிக்கிழம ஆபீஸ் எல்லாம் சூத்தி லா சார், லீவு. யாரு வருவா காப்பிக்கு? நான் கூலாய்க்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டேன்."

"வண்டி வந்தப்ப நீங்க பாத்தீங்களாம்மா?"

"அய்யோ, நான் எதுக்குப் பாக்குறேன்?" என்றாள் காளியம்மா. "அம்மை வண்டின்னு காதுல விழுந்ததும் கதவைச் சாத்திட்டு வேப்பிலையக் கையில எடுத்துட்டேன்."

தங்கராஜு எழுந்தார். "மன்னிக்கணும் சார். நான் மத்தியான ரயிலைப் பிடிச்சாகணும். அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் நானே போய்த் தேடுறேன்."

"உக்காருங்க தம்பி. காப்பி சொல்லியிருக்கேன்."

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனாலும் தங்கராஜு உட்கார்ந்தார். அப்போதுதான் டொரத்திக்கு அவருடைய கை கண்ணில் பட்டது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தது, துடைத்த பிறகும்.

"என் அண்ணன் மக சொன்னா, வண்டி போலின்னு" என்று ஆரம்பித்தார் கேப்ரியல். "சரிதான். போலின்னு தெரிஞ்சதும் அவ நிறத்தைப் பத்தி யோசிக்கிறதை விட்டுட்டா. நான் அங்கதான் யோசிக்க ஆரம்பிச்சேன். போலி வண்டி கட்டுறவன் தன் கண்ணால பாத்த நிஜ வண்டியைத்தான் காப்பி அடிப்பான். மூர்த்தி, வெள்ளிக்கிழம இந்தத் தெருவுக்கு வர்ற அம்மை வண்டி என்ன நிறம்?"

"சாம்பல் லா" என்றான் மூர்த்தி யோசிக்காமலே. "சிங்கப்பூர் வண்டி. சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும்." பிறகு அவன் வாய் திறந்தபடி நின்றது. "அலமாக்! நேத்து வெள்ளிக்கிழம!"

டொரத்திக்குத் தன் தலையில் தானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வாரா வாரம் அந்தச் சாம்பல் நிற வண்டிக்குக் கை காட்டி வழிவிடுபவள் அவள்தானே!

"மூர்த்தியோ காளியம்மாவோ இந்த வேலையைச் செஞ்சிருந்தா சாம்பல் வண்டி வந்திருக்கும், இல்லாட்டி வேற நாள்ல வெள்ள வண்டி வந்திருக்கும். வெள்ளிக்கிழம வெள்ள வண்டியை அனுப்பணும்னா, அவனுக்கு இந்த ஊரு வெள்ளிக்கிழம எப்படி இருக்கும்னே தெரியாது. அந்த ஊருல சாம்பல் வண்டி, இந்த ஊருல வெள்ள வண்டி, அவ்வளவுதான் அவன் கணக்கு. ஞாயித்துக்கிழம இங்க ஓடுறது வெள்ள வண்டி. ஞாயித்துக்கிழம மட்டும் இந்த ஊருக்கு வர்ற ஆளுக்கு வேற வண்டி கண்ணுல பட வழியே இல்ல."

பேச்சியம்மாள் தலையை மெதுவாகத் திருப்பினாள். அவள் பார்வை போன இடத்தை எல்லோரும் பார்த்தார்கள்.

"இது ஒரு ஊகம்தான்" என்றார் தங்கராஜு. "கேசை நடத்துற பக்கமே எங்க பக்கம். நான் எதுக்கு..."

"இன்னைக்குச் சனிக்கிழம. அந்தக் கரையில ஆபீஸ் இருக்கு. என்னைக்கும் இல்லாம இன்னைக்கு எதுக்கு வந்தீங்க? இந்த அம்மா யார்கிட்டப் போறாங்க, என்ன சொல்றாங்கன்னு பாக்கத்தானே?"

தங்கராஜு திடீரென்று இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். பெரிய மனிதர் ஒருவர் அப்படி அழுவதைப் பார்க்க டொரத்திக்குக் கோபத்தைவிடப் பயமே அதிகமாக வந்தது.

"என் பொண்ணு பள்ளிக்கூடம் போற வழியெல்லாம் அந்த முதலாளி ஆளுங்க சொன்னாங்க சார். எந்த முனையில திரும்புவா, எந்த மரத்தடியில நிப்பான்னு. நான் என்ன செய்யட்டும்? திங்கட்கிழமை வரைக்கும் அடைச்சு வெச்சிருப்போம், அப்புறம் விட்டுடுவோம்னாங்க. நம்பினேன்."

"நம்பினீங்களா?" என்று கேட்டார் கேப்ரியல்.

தங்கராஜு தலையை ஆட்டினார். இல்லை என்று.

பேச்சியம்மாள் அவரைத் திட்டவில்லை, சபிக்கவில்லை. "வாரா வாரம் என் கையால சாப்பிட்டீங்களே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்களே ஓடிப் போயிருப்போமே" என்று மட்டும் சொன்னாள். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். டொரத்தி பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்தாள். ஐஸ்போல இருந்தது.

காத்திருந்தார்கள். ரயில் ஊதிக்கொண்டு பாலம் ஏறிப் போயிற்று. மூர்த்தி அடுப்பை அணைத்துவிட்டான். தெருமுனையில் லாரிச் சத்தம் கேட்டபோது யாருக்கும் எழுந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. போலீஸ் லாரி வாசலில் நின்றது. முன்னாலிருந்து யூசோப் இறங்கினார், சட்டையெல்லாம் சேறு. அவர் முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பின்பக்கம் தார்ப்பாய் மூடியிருந்தது. டொரத்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

"பேச்சி" என்றது ஒரு குரல்.

வேலு தானாகவே இறங்கினான். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. மணிக்கட்டில் கயிறு அறுத்த தடம். கொட்டகையில் இருந்த இருவரும் கைவிலங்கோடு அவனுக்குப் பின்னால் இறக்கப்பட்டார்கள். இருட்டினதும் ஆற்றில் இறக்கத் தயாராக, கல் கட்டிய சாக்கு ஒன்று படகில் இருந்ததாக யூசோப் கேப்ரியலின் காதோடு சொன்னார். டொரத்திக்கும் கேட்டுவிட்டது. கேட்டிருக்க வேண்டாம் என்று நினைத்தாள்.

வேலு பெண்டாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தான். "போதும் பேச்சி. துணிமணிய எடு. பெக்கான் நானாஸுக்கே போயிடலாம். நான் ஒண்ணும் பாக்கலன்னு சொல்லிடுறேன்."

கேப்ரியலும் யூசோப்பும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காலையில் மாடிப்படியில் இதே வார்த்தையைச் சொன்னவள் பேச்சியம்மாள்; இப்போது இவர்கள் எந்த முகத்தோடு வேறு சொல்வது?

பேச்சியம்மாள் புருஷனின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற இருவரின் காலையும் பார்த்தாள். முழங்கால் வரை கீறல்.

"போனா அங்கயும் ஒரு வண்டி வரும்ங்க" என்றாள். "ஐயா, இவரைத் தூக்கினது இந்த ஊருலதானே? அப்ப அந்தக் கேசு எந்தக் கோர்ட்டுல?"

"இங்க. ஜொகூர்ல" என்றார் கேப்ரியல்.

"அதுக்குச் சாட்சி?"

"நீங்க ஒருத்தர்தான் தாயி."

அவள் வேலுவின் தோளைப் பிடித்து அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"கேளுங்க. அந்தக் கரையில நீங்க சொல்லுங்க. இந்தக் கரையில நான் சொல்றேன்."