மூலையில் கறுப்புத் திரை

முதலில் தூசி என்றுதான் எட்மண்ட் நினைத்தான். படம் கழுவும் மருந்துத் தொட்டியில் மிதந்த படத்தின் கீழ்ப்பகுதியில், கறுப்புத் திரை தரையைத் தொடும் இடத்தில், வெளுப்பாகச் சில புள்ளிகள். இடுக்கியால் படத்தைத் தூக்கிச் சிவப்பு விளக்கருகே பிடித்தான். புள்ளிகள் ஐந்து. பெரியதிலிருந்து சிறியதாக, ஒரே வரிசையில் இருந்தன.

படம் அன்று காலை அந்த இருட்டறையிலேயே எடுத்ததுதான். எழுபத்தெட்டில் சிராங்கூன் சாலையில் கோவிந்தசாமியின் ஸ்டூடியோவுக்கு மாதா கோயில் கல்யாணங்கள் நிறைய வரும். வெள்ளைக் கவுன் நன்றாக வந்தால் மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டு தார் பூசியதுபோல ஆகிவிடும். பெண் வீட்டார் சிரிப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வருவார்கள். அதற்காகவே முதலாளி ஒரு புதுக் கேமராவை இரவல் வாங்கி வந்திருந்தார்.

"கருப்புக்குள்ள இருக்கிறத எது நல்லா காட்டுதோ அதையே வச்சுக்கலாம் லா," என்றார். "ரெண்டுலயும் எடுத்து பிரிண்ட் போட்டுப் பாரு."

"சரி பாஸ். மத்தியானத்துக்குள்ள சொல்லிடறேன். கொண்டி போட்டுடுங்க."

கொண்டி வெளிப்பக்கம். கழிவறை தேடி வந்த யாரோ கதவைத் திறந்து, ஒரு கல்யாணத்தின் ஃபிலிம் முழுவதையும் வெளிச்சத்தில் கறுக்கடித்த நாளிலிருந்து, எட்மண்ட் உள்ளே போனதும் முதலாளி கொண்டியைப் போட்டுவிடுவார். காற்றை வெளியே தள்ளும் விசிறியின் இரைச்சலில் குரல் எடுபடாது. அதனால் பேச்செல்லாம் கதவைத் தட்டித்தான். உள்ளேயிருந்து ஒருமுறை தட்டினால் திறக்கலாம். அதற்கு மேல் எத்தனை கேட்டாலும் ஃபிலிம் வெளியே இருக்கிறது, திறக்கக் கூடாது. இந்த ஏற்பாட்டைச் சொன்னதே எட்மண்ட்தான்.

காலையில் கதவைத் திறந்து வைத்து, வெள்ளை விளக்கைப் போட்டு, மூலையில் பழைய புட்டிகளை மறைக்கும் கறுப்புத் திரைக்கு முன்னால் ஒரு வெள்ளைத் துண்டைத் தொங்கவிட்டு, இரண்டு கேமராவிலும் எடுத்திருந்தான். அறையில் வேறு யாரும் இல்லை. பழைய கேமராவின் படத்தில் துண்டைத் தவிர எல்லாம் ஒரே கறுப்பு. புதியதில் திரையின் மடிப்புகள்கூடத் தெரிந்தன. மடிப்புகளுக்குக் கீழே அந்த ஐந்தும் தெரிந்தன.

எட்மண்ட் பயந்தாங்கொள்ளி இல்லை. திறந்த சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பத்தை நிறுத்தி, "இந்தப் பக்கம் பாருங்க" என்று படம் எடுப்பவன். நெகட்டிவில் ஏதோ கோளாறு என்று இன்னொரு பிரதி போட்டான். கறுப்பு இன்னும் கொஞ்சம் வெளுக்கட்டும் என்று, தாளின்மேல் விழும் ஒளியை அந்த இடத்தில் மட்டும் உள்ளங்கையால் சற்று மறைத்தான். தாளை மருந்தில் இட்டு, தொட்டியை மெல்ல ஆட்டினான்.

மடிப்புகள் வந்தன. அந்த ஐந்தும் கால்விரல்களாக வந்தன, நகங்களோடு. பிறகு திரையின் ஓரத்தில், ஆள் உயரத்தில், ஒரு கை வந்தது. விரல்களை மடக்கி, எதையோ தட்டப் போவதுபோல உயர்ந்திருந்த கை.

அந்த மூலை அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

விசிறி இரைந்துகொண்டிருந்தது. மருந்தின் புளித்த நெடிக்கு அடியில் இன்னொரு வாடை, ஈரத் துணியை நாள்கணக்கில் மூட்டையாகக் கட்டி வைத்ததுபோல. காலையில் அது இருந்ததா என்று அவனுக்கு நினைவில்லை. விசிறியின் சுவிட்சும் வெள்ளை விளக்கின் சுவிட்சும் திரைக்குப் பக்கத்தில்தான் இருந்தன. அங்கே போக அவனால் முடியாது. வெளியே போக வேண்டும், அவ்வளவுதான். கதவுக்கு அந்தப் பக்கம் நல்ல வெயில், பூக்கடை, பஸ், முதலாளியின் ரேடியோ. எல்லாம் ஒரு பலகைக்கு அப்பால்.

திரும்பிப் பார்க்காமல், சுவரை ஒட்டியே கதவுக்கு நகர்ந்தான். "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினான். அடுத்த வரி வரவில்லை.

ஒருமுறை தட்டினான்.

பலகையில் காலடியின் அதிர்வு தெரிந்தது. கொண்டி அசைந்தது. உயர்ந்தது.

கதவின் உள்பக்கத்தில் தட்டும் சத்தம். இன்னொன்று.

எட்மண்டின் கை கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

கொண்டி பழையபடி விழுந்தது. காலடிகள் விலகின.

"பாஸ்," என்று கத்தினான். விசிறி அதைத் தின்றது. இரண்டு கைகளாலும் கதவைக் குத்தினான், உதைத்தான், பிறகு சட்டென்று நிறுத்தினான். இத்தனை தட்டினால் அவர் வரவே மாட்டார். காத்திருக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு தட்டு. அது போதும்.

மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். வாடை நெருங்கியிருந்தது. கழுத்தில் ஏதோ சொட்டியது, சில்லென்று.

மீண்டும் காலடி. கதவருகே நின்றது.

தட்டினான். ஒன்று. கையை எடுக்கவில்லை.

இரண்டாவது தட்டு அவன் காதோரம் விழுந்தது. கொண்டி அசையவே இல்லை.

சிவப்பு வெளிச்சத்தில், கதவின்மேல், அவன் கைக்கு ஒட்டினாற்போல, விரல்களை மடக்கிய இன்னொரு கை ஈரத்தோடு இருந்தது. அவன் அடுத்து எப்போது தட்டுவான் என்று அது காத்திருந்தது.