கவனிக்காத மாதிரி

நிப்லாவின் முகத்தைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தபோது றம்லாவுக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. துருவிய தேங்காய்ப்பூவைப் பிழிந்துகொண்டிருந்த கை சட்டிக்குள் அப்படியே நின்றது. பெற்ற மகள், ஆறு வயது, நாள் முழுக்க இதே வீட்டுக்குள்தான் திரிகிறாள். அவளுடைய குதிக்கால், பின்கழுத்து, உச்சி வகிடு எல்லாம் கண்ணுக்குள் இருக்கின்றன, முகத்தை மட்டும் காணவில்லை. இதென்ன விசர் யோசனை என்று தன்னையே ஏசிக்கொண்டு மறுபடி பிழிந்தாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில்தான் பிள்ளை கண்ணைச் சிமிட்டத் தொடங்கினாள். சோறு தின்னும்போதும் சிமிட்டினாள், ஓதும்போதும் சிமிட்டினாள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முதல் இறுக்கி இறுக்கிச் சிமிட்டினாள். கணவன் அபூதாஹிர் போனைப் பறித்து அலுமாரிக்குள் பூட்டினார். றம்லா ஓதிய தண்ணீரால் முகம் கழுவிவிட்டாள். ஒன்றுக்கும் குறையாததால் கிண்ணியாப் பாலம் கடந்து டவுனில் கண் டொக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் இமையைப் பிரட்டிப் பார்த்தார், வெளிச்சம் அடித்துப் பார்த்தார், எழுத்து வாசிக்க வைத்தார். கண் காயவில்லை, ஒவ்வாமையும் இல்லை, கண்ணாடியும் தேவையில்லை என்றார்.

"இது ஒரு பழக்கம். பிள்ளை வேணுமெண்டு செய்யிறதில்ல, நிப்பாட்டச் சொன்னா அவவுக்கு ஏலாது. ஏசாதீங்க, சுட்டிக் காட்டாதீங்க. கவனிக்காத மாதிரி இருங்க, பெரும்பாலும் தானாப் போகும். வேற ஏதும் மாற்றம் தெரிஞ்சா உடனே கூட்டிக்கொண்டு வாங்க."

டொக்டர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் றம்லாவின் முகம் எதையும் ஒளிக்கத் தெரியாத முகம். பிள்ளை சிமிட்டினால் இவளுடைய புருவம் தானாகச் சுருங்கும், அதைக் கண்டு பிள்ளை இன்னும் சிமிட்டும். "அப்ப முகத்தப் பாக்காதீங்களன்," என்றார் அபூதாஹிர். அப்படித்தான் வீட்டுக்குள் முகம் பார்க்காத பழக்கம் வந்தது. கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்கள், சோற்றைப் பக்கத்தில் இருந்து ஊட்டினார்கள். முதலில் றம்லாவுக்கு நெஞ்சு வலித்தது. பிறகு அந்த வலியும் எங்கேயோ போய்விட்டது, கை மட்டும் வேலைகளைச் செய்துகொண்டிருந்தது.

பின்னேரம் அசர் தொழுதுவிட்டு றம்லா எழும்பியபோது வகுப்பு டீச்சர் சப்ரினாவின் குரல் பதிவு அவளுடைய போனில் வந்து கிடந்தது.

"நிப்லாட உம்மா, சந்தோசமான கதை. நிப்லா இப்ப கண் சிமிட்டுறதே இல்ல. இண்டைக்கு வகுப்பு முழுக்கக் கவனிச்சனான், ஒருக்காக் கூட இல்ல." பிறகு குரல் தணிந்தது. "மத்தப் புள்ளைகள்தான் அவக்குப் பக்கத்தில இருக்கமாட்டமெண்டு அழுதுகள். ஏனெண்டு கேட்டாச் சொல்லுதுகளும் இல்ல."

சந்தோசம் வரட்டும் என்று றம்லா காத்திருந்தாள். வரவில்லை. ஒருக்காக் கூட இல்லை என்றால் என்ன அர்த்தம்? காற்றும் தூசியும் வெயிலும் படுகிற கண். ஒருக்காக் கூட.

குர்ஆன் ஓதப் போகும் நேரம் என்பதால் தலை பின்னிக்கொள்ள நிப்லா சின்னக் கதிரையை இழுத்து வந்து குசினியில் உட்கார்ந்தாள், தாய்க்கு முதுகும் மேசைக்கு முகமுமாக. துறைமுகத்தில் கப்பல் இழுக்கும் படகில் இரவு வேலைக்குப் போகவிருந்த அபூதாஹிர் மேசையில் சோறு பிசைந்துகொண்டிருந்தார். பாலத்தில் பஸ் ஒன்று போக யன்னல் கண்ணாடி மெல்ல அதிர்ந்து அடங்கியது. றம்லா பிள்ளையின் தலைமயிரை இரண்டாகப் பிரித்தாள். காலையில் வைத்த எண்ணெய் மணக்கவில்லை. தண்ணீர் வற்றும் நேரத்தில் களப்புக் கரையில் எழும்பும் சேற்று மணம், அதுதான் வந்தது, தோலுக்குள்ளிருந்து வருவதுபோல் குளிர்ந்து வந்தது.

"இஞ்ச பாருங்க," என்றாள் கணவனிடம், குரல் உயராமல். "புள்ளட முகத்த ஒருக்காப் பாருங்க."

"சுகமாகி வார நேரத்தில பழையபடி தொடங்காதீங்க, றம்லா." அவர் சோற்றுப் பீங்கானை விட்டுத் தலை நிமிர்த்தவில்லை.

மேசையிலிருந்து ஒரு ஈ எழும்பி நிப்லாவின் காதில் உட்கார்ந்தது. காதிலிருந்து கன்னத்துக்கு நடந்தது, கன்னத்தைத் தாண்டி முன்பக்கம் போனது. தலை அசையவில்லை. கை எழும்பி விரட்டவில்லை. ஈ திரும்பி வரவும் இல்லை.

றம்லா பின்னலைப் பிடித்தபடி நின்றாள். இது தன் மகள்தான் என்றால், இப்போது முன்னால் போய்ப் பார்ப்பது அவளுடைய சுகத்தைக் கெடுப்பது. இது தன் மகள் இல்லை என்றால் நிப்லா எங்கே? எத்தனை நாளாக எங்கே? இந்தக் கேள்விக்கு அலறியிருக்க வேண்டும். கை அடுத்த புரியைத்தான் பின்னியது. பயம்தான் இது என்று அவளுக்குத் தெரிந்தது, கால் மரத்துப்போனதுபோல் உடம்பு முழுக்கப் பரவியிருந்த பயம்.

பார்க்காமல் அறியலாம்.

கையை நீட்டினாள். தோளுக்கு மேலால். மெதுவாக. கன்னம் பட்டது, குளிராக இருந்தது. மூக்கு இருந்த இடத்தில் மூக்கு இருந்தது. விரல் மேலே போனது. இமை படும், மயிர் கூசும், பிள்ளை சிணுங்கித் தலையைத் திருப்பும்.

இமை படவில்லை.

ஈரம். வழுவழுப்பு. உருண்டை. மூடவில்லை. விரல் நுனி திறந்த கண்ணின் மேலேயே நின்றது, அந்தத் தலை ஒரு சொட்டும் பின்வாங்கவில்லை.

"மெல்லமா, உம்மா," என்றது நிப்லாவின் குரல். "அது இன்னும் காயல்ல."

எதிரே அபூதாஹிர் குனிந்தபடி அடுத்த பிடி சோற்றை உருட்டினார். விரலை எடுக்க நினைத்தாள் றம்லா. எடுக்க ஏலவில்லை. விரலுக்குக் கீழே அந்த ஈர உருண்டை மெல்ல அசைந்தது. திரும்பியது. மேலே, பின்னால், அவள் நிற்கும் பக்கமாக, அவளுடைய முகத்தைத் தேடிக்கொண்டு.