மிட்டாய் டப்பாவில் முப்பத்தேழு டிகிரி

கைப்பேசி அதிர்ந்தது. பல்லிக் கூண்டில் முப்பத்தேழு டிகிரியாம். ரூபேந்திரன் கண்ணைத் திறக்காமலே கூண்டு விளக்கைத் திட்டினான். இரவு ஷிப்ட் முடித்து வந்து, தடித்த திரைச்சீலைகளை இழுத்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன் அவன். மாசாய் பட்டணத்தில் அந்த வரிசை வீட்டுக்குச் சன்னலெல்லாம் இரும்புக் கம்பி. மனைவி பிரேமலா வேலைக்குப் போகும்போது வாசல் கிரில்லை வெளியே பூட்டிவிட்டுப் போவாள். அவனுடைய சாவிக்கொத்து கூண்டுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும்.

"வீட்டுல ஓடுற பல்லி பத்தலையா உங்களுக்கு?" என்று அவள் இன்னும் கேலி செய்கிறாள். பாலைவனத்துப் புள்ளிப் பல்லி அது, சூடு குறைந்தால் சுருண்டுவிடும். ஆலையிலிருந்தே பார்த்துக்கொள்ள, துளை போட்ட மிட்டாய் டப்பாவுக்குள் அவனே ஒரு கருவி செய்து வைத்திருந்தான். வெப்பம், ஈரம், வெளிச்சம் மூன்றும் கைப்பேசிக்கு வரும். மணலில் புதைந்துபோனால் தேட ஒரு பீப்பரும் உண்டு. டப்பாவைக் கையில் எடுத்து அழுத்தும் வரை அது ஓயாது.

எழுந்து கூடத்துக்கு வந்தான். மழையில் நனைந்த கம்பளிபோல ஒரு வாடை அடித்தது, அதற்கடியில் பழைய ரத்தத்தின் துரு நாற்றமும் இருந்தது, மேலே சீலிங் பலகை ஒன்று வெயிலுக்கு முனகுவதைப்போல மெல்ல முனகி அடங்கியது. கூண்டின் மூடி திறந்திருந்தது. கையை விட்டுப் பார்த்தான். மணல் சில்லென்றிருந்தது. விளக்கு எரியவே இல்லை. டப்பாவையும் காணோம்.

பல்லி மூலையில் ஒட்டிக் கிடந்தது. பயத்தில் வாலை உதிர்த்திருந்தது. அந்த வால் மட்டும் மணலில் துடித்துக்கொண்டிருக்க, பல்லி மேலேயே பார்த்தது.

வெப்பம் 37. ஈரம் 98. வெளிச்சம் 0.

பல்லிக்குச் சொந்தச் சூடு கிடையாது. டப்பாவை விழுங்கிப் போனதற்கு இருந்தது.

'தேடு' பொத்தானைத் தொட்டான். தலையணைக்குள் அமுக்கியதுபோல ஒரு பீப். கூடவே சாவிகள் உரசும் சத்தம். இரண்டும் ஒரே இடத்திலிருந்து, சீலிங்குக்கு மேலே. ஆணியைப் பார்த்தான், சாவிக்கொத்து இல்லை. சத்தம் கூடத்தின் குறுக்கே நகர்ந்தது. அவன் வாசலுக்கு ஓடினான்.

"பிரேமா, வந்து கிரில்ல திற. சாவி இல்ல," என்று கைப்பேசியில் கிசுகிசுத்தான்.

"அலமாக், எங்க போட்டீங்க? லோஷினிய நர்சரிலேருந்து கூட்டிட்டு வந்துட்டேன் லா. முனைக்கு வந்தாச்சு."

கம்பியில் நெற்றியை அழுத்தி நின்றான். சாலையில் மோட்டார் சைக்கிள்கள் போயின. கத்தலாம். கத்தினால் அதற்கும் கேட்கும். பின்னால் பலகை விலகியது. பீப். இன்னும் கிட்டே. திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

மூன்று வயது மகள் லோஷினியை இடுப்பில் வைத்துக்கொண்டு பிரேமலா வந்தாள். சாவியைத் திருகினாள். பூட்டு வாய் திறந்தது.

அப்போதுதான் நிமிர்ந்தாள். அவனைப் பார்க்கவில்லை. அவன் தலைக்கு மேலே.

குழந்தை அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"பிரேமா, திற."

பூட்டைத் திரும்ப அழுத்தினாள். கிளிக்.

"புள்ள இருக்குங்க," என்றாள்.

அவள் செய்ததுதான் சரி. அது அவனுக்கும் தெரிந்தது. தெரிந்தும் கம்பி வழியே பிடித்த அவள் விரலை விட முடியவில்லை. அவளே பிடுங்கிக்கொண்டாள்.

பிடரியில் வெதுவெதுப்பாய் ஈரம் சொட்டியது. கைப்பேசியைப் பார்த்தான்.

வெளிச்சம் 0.

வெளிச்சம் 4.

வெளிச்சம் 19.

இவ்வளவு நேரம் அமுங்கிக் கேட்ட பீப், உச்சந்தலைக்கு மேலே, தெளிவாகக் கேட்டது.