பேட்டரிக்கு வைத்த சந்தனம்

"பேட்டரி செத்துப்போச்சு, அம்புட்டுதான்..."

"சாகல மச்சான், நான் சொல்றதக் கொஞ்சம்..."

"படகு என்னுதா ஒன்னுதா? செல்ஃப் எடுக்கலன்னா பேட்டரிதான்..."

"போன வாரம் வாங்குன பேட்டரி எப்புடிச் சாகும்? ஊரு பூரா மிட்டாய் குடுத்தீகளே..."

இருவரும் ஒரே மூச்சில் பேசியதால் ஒருவர் சொன்னது மற்றவர் காதில் ஏறவே இல்லை. வில்லாயுதம் மறுபடி சாவியைத் திருப்பினார். எஞ்சினுக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அதோடு சரி.

நம்புசெல்வி படகுக்கு வெளியே காறித் துப்பினாள். காலையிலிருந்து துப்பித் துப்பி நாக்கே வறண்டுவிட்டது. நாற்றம் அப்படி. சிப்பித்திட்டுத் தீவின் கரை முழுக்க முழங்கால் ஆழத்துக்குக் கடல்பாசி அழுகிக் கிடந்தது. அதற்குள் நடந்துபோய்த்தான் தம்பியைத் தூக்கி வந்திருந்தார்கள்.

தம்பி சேதுபாண்டி படகின் நடுவில் ஈரச் சாக்கின் மேல் கிடந்தான். திமிங்கிலம் கக்கிய அம்பர் அந்தத் தீவில் ஒதுங்கியிருக்கிறது, எடுத்தவன் ராஜா என்று எவனோ சொல்லியிருக்கிறான். அதை நம்பி, முந்தாநாள் யாரிடமும் மூச்சுவிடாமல் தெர்மாகோல் தெப்பத்தில் கிளம்பிவிட்டான். இன்று காலை தெப்பம் மட்டும் ஆளில்லாமல் கரை ஒதுங்கியது. அதைப் பார்த்துப் பயந்த பிறகுதான் அவன் கூட்டாளி ஒருவன் தீவைப் பற்றி வாயைத் திறந்தான். ஆயுத பூஜை நாள். மாலை போட்டுக் கட்டிய படகை அன்றைக்கு ஒருவரும் அவிழ்ப்பதில்லை. நம்புசெல்விக்கு மூத்த அக்காவின் புருஷன் வில்லாயுதம்தான் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, "ஏறு செல்வி" என்றவர்.

முள்மரத்தடியில் கிடந்த தம்பியின் பாதத்தில் திருக்கை மீனின் வால்முள் ஏறியிருந்தது. கால் கறுத்து, வீங்கி, சீழ் வைத்து நாறியது. அந்த நிலையிலும் ஒரு சாக்குப் பையைக் கட்டிப்பிடித்துக் கொண்டு, "அக்கா, பைய விட்டுறாத" என்றுதான் முதல் பேச்சே பேசினான். பை, காலைவிட நாறியது.

"மச்சான், அங்கிட்டுப் பாருங்க."

தீவைச் சுற்றிக் கடலுக்கடியில் பவளப்பார் என்கிற பாறை வரிசை ஓடுகிறது. வரும்போது அதன்மேல் நீலமாகத் தண்ணீர் நின்றது. இப்போது வெள்ளையாக நுரை. தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு முழம் இறங்கினால் படகு பாரைத் தாண்டாது. அடுத்த ஏற்றம் வரும்வரை இங்கேயே கிடக்க வேண்டியதுதான். அதுவரை அந்தக் கால் தாங்குமா?

"அலை மறிஞ்சு ஒடையுற எடத்துல கழிய ஊனித் தள்ளியும் தாண்ட முடியாது" என்றார் வில்லாயுதம், அவள் கேட்காத கேள்விக்கு.

"சரி, ஹேண்டில எடுங்க. கையால சுத்துவோம்."

"ஹேண்டில் சாமி முன்னால இருக்கு."

"ஸ்பேனரு?"

"அதுவும் சாமி முன்னாலதான். பூசையில வச்சத மறுநா விடிஞ்சுதான எடுக்கணும்?"

"படக எடுக்கலாம். ஸ்பேனர எடுக்கக் கூடாதாக்கும்."

"படக உசுருக்காக எடுத்தேன் புள்ள. சாமி கேட்டா பதில் இருக்கு. ஸ்பேனருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு எட்டி ஆரனை அழுத்தினாள். தீவிலிருந்த பறவைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழுந்து வட்டமடித்தன. அதில் ஒன்று அவள் தோளில் எச்சமிட்டது.

"தூ. பாத்தீகளா? செத்த பேட்டரி கத்துமா?"

"அப்ப செல்ஃப் மோட்டார்தான்." அவர் ஒரு பவளக்கல்லை எடுத்து மோட்டாரை நாலு தட்டுத் தட்டினார். சாவியைத் திருப்பினார். 'டக்.'

"என் ஆட்டோவுலயும் ஒருக்கா இப்புடி ஆச்சு மச்சான்." ஐஸ் கம்பெனிக்கு மீன் ஏற்றும் லோடு ஆட்டோ அவளுடையது. "ஆரனுக்குத் துளி கரண்டு போதும். எஞ்சினச் சுத்துறதுக்கு மடை தொறந்த மாதிரி வரணும். நடுவுல எங்கயோ அடைச்சுக் கெடக்கு. நீங்க திருப்புங்க, நான் கீழ பாக்குறேன்."

பின்பக்கப் பலகையைத் தூக்கினாள். படகின் அடியில் தேங்கிய தண்ணீரில் டீசல் மிதந்தது. போன வாரத்துக் கணவாய் மீன், தூண்டிலுக்கு வெட்டியது, கூழாக மிதந்தது. அதன் நடுவே மரப்பெட்டியில் பேட்டரி.

"இதக் கழுவுறதே இல்லையா நீங்க? படகா இது, சாக்கடையா?"

"முன்பக்கம் கழுவுனேன்ல. சாமி முன்பக்கந்தான பாக்குது."

"திருப்புங்க."

'டக்.'

நம்புசெல்வி முகத்தைத் திருப்பப் போனவள், நின்றாள். மூக்கை விடைத்து மறுபடி உள்ளே இழுத்தாள். கணவாய், டீசல், சீழ், பாசி, அத்தனைக்கும் நடுவில் ஏதோ ஒன்று இனிப்பாக வந்தது.

"மச்சான், சந்தனம் மணக்குது."

"பூசை அன்னிக்கி மணக்காம?"

"இது சும்மா மணக்கல. சூடா மணக்குது. வேகுது. இன்னொருக்கா திருப்புங்க."

'டக்.' பேட்டரியின் ஈயக் கம்பத்தில் சிவப்பு வயரின் கிளாம்ப் மாட்டியிருந்த இடத்திலிருந்து நூல் போல ஒரு புகை எழுந்தது.

"சாவிய அணைங்க. இதுல என்ன பண்ணி வச்சீக?"

வில்லாயுதம் தலையைச் சொறிந்தார். "கிளாம்ப்பக் கழட்டி, கம்பத்தச் சுத்திச் சந்தனத்த நல்லா அப்பி, குங்குமம் வச்சு, திரும்ப மாட்டுனேன். ரெண்டு பக்கமும்."

"மேல ஒரு பொட்டு வச்சாப் போதாதா?"

"புதுப் பேட்டரியில்ல. மேலாப்புலயா செய்வாக?"

"அப்பறம் முடுக்குனீகளா?"

"கையால. அதுக்குள்ள ஸ்பேனர சாமி முன்னால வச்சுட்டேன்."

காலையில் சந்தனம் ஈரமாக இருந்தது. கிளாம்ப்பும் எங்கோ ஒரு ஓரத்தில் ஈயத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அலையில் ஆடி ஆடி அந்த ஓரமும் விலகி, உச்சி வெயிலின் சூட்டில் சந்தனம் ஓடாகக் காய்ந்து, வயருக்கும் கம்பத்துக்கும் நடுவே சுவர் எழுப்பிவிட்டது.

திட்டுவதற்கு அவளுக்கு நிறைய இருந்தது. நேரம்தான் இல்லை. துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு, கணவாய்க் கூழுக்குள் முழங்கை வரை கையை விட்டாள். கறுப்பு வயரை முதலில் உருவினாள், பிறகு சிவப்பு. ஸ்பேனர் படாததால் இரண்டும் கையோடு வந்தன. சிப்பி ஓடொன்றால் அவள் ஈயக் கம்பங்களைச் சுரண்ட, அவர் மீன் கத்தியால் கிளாம்ப்பின் உள்பக்கத்தைச் சுரண்டினார். மஞ்சள் பொடி உதிர்ந்து, அடியில் உலோகம் பளிச்சென்று தெரிந்தது.

"மாட்டுங்க. சிவப்பு மொதல்ல. கல்ல வச்சு மேலருந்து தட்டி இறுக்குங்க. கம்பம் ஒடையாம."

தட்டினார். அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"பாரத் தாண்டும்போது உப்புத்தண்ணி மேல அடிக்குமே. கிரீஸ் இருக்கா?"

"சாமி முன்னால..."

"சொல்லாதீக."

அவள் தம்பியின் பையைப் பிடுங்கி வாயைப் பிரித்தாள். சாம்பலும் மஞ்சளுமாக ஒரு பெரிய கட்டி. விரலை அழுத்தினாள். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பலகாரக் கடை எண்ணெய்ச் சட்டியின் அடிக்கசண்டுபோல விரலில் ஒட்டியது.

"அக்கா, அதத் தொடாத. அம்பரு."

"அம்பராம். கப்பல்காரன் பாமாயில் தொட்டியக் கழுவிக் கடல்ல ஊத்துறான்ல, அந்தக் கொழுப்புடா இது. இதுக்குக் கால குடுக்க வந்தியா?"

சேதுபாண்டி கண்ணை மூடிக்கொண்டான். அவள் அந்தப் புதையலில் ஒரு கை அள்ளி, இரண்டு கிளாம்ப்களின் மேலும் கெட்டியாகப் பூசினாள். தண்ணீர் ஒட்டாமல் வழிந்து ஓடியது.

"இப்பத் திருப்புங்க."

கர்ர்ர்ரென்று எஞ்சின் சுழன்றது. கறுப்புப் புகையை அவள் முகத்திலேயே கக்கிவிட்டுப் பற்றிக்கொண்டது. அவள் இருமிக்கொண்டே நங்கூரத்தை இழுத்தாள்.

பாரின் இடைவெளியில் அலை மறிந்துகொண்டிருந்தது. "அலை தூக்கும்போது விடுங்க மச்சான், இப்ப இல்ல, இப்ப இல்ல... விடுங்க." படகு எழும்பியது. அடியில் பவளம் 'க்ரீச்' என்று உரசிய சத்தத்தில் மூன்று பேரும் மூச்சை நிறுத்தினார்கள். அடுத்த அலை பின்னாலிருந்து தள்ளியது. வெளியே வந்துவிட்டார்கள்.

கரையில் ஊரே நின்றது. குலவை கேட்டது. சிக்னல் வந்ததும் வில்லாயுதம் போன் செய்ததில் ஆம்புலன்சும் வந்து நின்றது. நர்சம்மா காலைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"காப்பாத்திரலாம். இன்னும் ஒரு ராத்திரி போயிருந்தா முட்டியோட எடுத்திருப்பாங்க. ஆமா, அது என்ன மூட்டை?"

"அம்பரு" என்றான் சேதுபாண்டி ஈனக்குரலில்.

"இந்த நாத்தத்த என் வண்டியில ஏத்த முடியாது."

மூட்டை மணலில் இறங்கியது. வண்டி அவனோடு கிளம்பியது. ஒரு நாய் வந்து மூட்டையை மோந்து பார்த்துவிட்டு ஓடியே போனது.

"தம்பியக் கொண்டாந்துட்டோம்ல செல்வி" என்றார் வில்லாயுதம், கண் கலங்க.

"கொண்டாந்துட்டோம் மச்சான்." முதல் தடவையாக அவள் குரலில் சூடு இல்லை. "வாங்க, ஆஸ்பத்திரிக்கு வண்டி பின்னாலயே போவோம்."

லோடு ஆட்டோ வேப்பமரத்தடியில், நிழல் விலகிப் போய், வெயிலில் நின்றது. காலையில் பூஜைக்கு விட்டுவைத்தது. கண்ணாடியில் மாலை, இருபக்கமும் வாழைக்கன்று, முன்னால் மூன்று திருநீற்றுப் பட்டை. அவள் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பினாள்.

'டக்.'

சீட்டுக்கு அடியிலிருந்து இனிப்பாக, சூடாக ஒரு வாசனை எழும்பியது. நம்புசெல்வி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மச்சான், என் வண்டிக்கும் நீங்கதான் பொட்டு வச்சீகளா?"