ஜெயசுதாவின் சிக்னல்

உப்பூர் விலக்கில் மாரீஸ்வரன் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பகல் மணி இரண்டு. கருவேலங்காட்டுக்கு நடுவே ஒற்றை வீடு. ஓடு கறுத்து, சுவரெல்லாம் உப்புப் பூத்த பழைய காரை வீடு. வாசலில் நின்ற மதுமதி, வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"நாலு மணிக்குப் பரீட்சை. இப்பத்தான் வாரீக."

அவனுக்கு அக்காள்மடத்தில் லேப்டாப் ரிப்பேர் கடை. அவளைப் பெத்த அய்யா செல்லச்சாமி போனில் கெஞ்சியதால் வந்திருந்தான். பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த லேப்டாப், உள்ளே லினக்ஸ். கடல் காற்று அதன் வைஃபை கார்டை அரித்துவிட்டது. அவள் போனில் வயரைச் சொருகினால் சார்ஜ் ஏறுமே தவிர கம்ப்யூட்டரோடு பேசாது. வேலைக்கான ஆன்லைன் பரீட்சை, போனிலேயே எழுதவும் விடமாட்டார்கள். கேமரா பார்த்துக்கொண்டிருக்கும், அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது.

இந்த வேலையும் கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று அய்யா சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு முப்பத்தெட்டு வயசு. முதல் சம்சாரம் ஓடிப்போனதற்கு யாரும் காரணம் சொல்வதில்லை.

மாரீஸ்வரன் அடிமூடியைக் கழற்றினான். பழைய கார்டு பச்சை பிடித்துக் கிடந்தது. பையிலிருந்து வேறொன்றை எடுத்துச் சொருகினான். புதுசா என்று கேட்டாள். புதுசுதான் என்றான்.

பொய்.

ஆறு மாதம் முன்பு ஜெயசுதா என்ற காலேஜ் பெண் கடலில் முங்கிச் செத்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் துணி, போன், லேப்டாப் மூன்றையும் ஆழ்கடலில் போட்டுவிடும்படி அவள் அய்யா சோணைமுத்து ஒரு சாக்கில் கட்டிக் கொடுத்தார். செத்தவள் பொருள் கரையில் தங்கக் கூடாது. ராமேஸ்வரத்திலிருந்து வள்ளத்தில் கொண்டுபோனவன் மாரீஸ்வரன். துணி போயிற்று. போன் போயிற்று. நல்ல உருப்படியைத் தண்ணீரில் போட மெக்கானிக் மனசு கேட்கவில்லை. லேப்டாப்புக்குப் பதில் ஒரு கருங்கல் போயிற்று.

இப்போது சொருகியது அதிலிருந்து உருவிய கார்டு.

கறுப்புத் திரையில் கட்டளை அடித்தான். கார்டே இல்லை என்றது லினக்ஸ். பென்டிரைவிலிருந்து டிரைவரை ஏற்றினான். இல்லை என்றது. வேறு டிரைவர். மணி மூன்றரை ஆனபோது கார்டு விழித்துக்கொண்டது.

வைஃபை பட்டியலில் இரண்டு பெயர்கள்.

மதுமதி, சிக்னல் 96. அது மேசைமேல் இருந்த அவள் போனின் ஹாட்ஸ்பாட்.

ஜெயசுதா, சிக்னல் 9.

அவன் விரல் நின்றது. கடலடியில் கிடக்கும் போனுக்கு அந்தப் பெயரை வைத்துக் கொடுத்ததே அவன்தான். பழைய பெயர் எதுவும் கார்டுக்குள் தங்காது, கார்டுக்கு ஞாபகம் கிடையாது. இந்த நிமிஷம் அக்கம்பக்கத்தில் இருப்பதைத்தான் காட்டும். கிட்டே வர வர எண் ஏறும்.

மறுபடி தேடினான்.

31.

ஜன்னல் வழியாகக் கிழக்கே பார்த்தான். வெயில். ஒரு மைல் தூரத்தில் கடல். நடுவில் யாரும் இல்லை. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் மட்டும் இரண்டாகப் பிரிந்து, நடுவே யாருக்கோ வழி விட்டதுபோல் நின்றன.

58.

அழுகிய பாசி நாற்றம் அறைக்குள் வந்தது.

ஸ்குரூ டிரைவரை எடுத்தான். மதுமதி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். வேறு வழியில்லாமல், சாக்கிலிருந்து கருங்கல் வரை எல்லாவற்றையும் கிசுகிசுப்பாகச் சொல்லி முடித்தான். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஐம்பது.

"கழட்டிர்றேன். சொன்னாக் கேளு."

"கைய எடுங்க. களவாண்டது நீங்க, பரீட்சை எனக்கு. வாரவ வரட்டும். வெளிய போங்க."

கதவு சாத்தி, தாழ் விழுந்தது.

வேப்பமரத்தடியில் இரண்டு மணி நேரம் நின்றான். இடையில் ஒரு தடவை அவள் உள்ளே மெல்லப் பேசுவது கேட்டது. யாருக்கோ பதில் சொல்வதுபோல.

ஆறு மணிக்குக் கதவைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல் ஒதுங்கி நின்றாள். அவன் கார்டைக் கழற்றிக்கொண்டு கிளம்பினான். மறுநாள் விடியவும் வள்ளம் பிடித்து, ஜெயசுதாவின் லேப்டாப்பைக் கார்டோடு கல்லில் கட்டி ஆழத்தில் போட்டான்.

எட்டாம் நாள் பகல் பதினோரு மணி. கடையில் தனியாக இருந்தான். மதுமதி கூப்பிட்டாள். பரீட்சையை ரத்து செய்துவிட்டார்களாம். அறையில் இன்னொரு குரல் பதிவாகியிருக்கிறது என்று சொல்லி அந்தப் பதிவையும் அனுப்பியிருக்கிறார்களாம். அவள் குரலில் அழுகை இல்லை.

"உங்களுக்கும் அனுப்பிருக்கேன். கேட்டுக்கங்க. எனக்கு ஆவணில கல்யாணம்."

வைத்துவிட்டாள்.

மாரீஸ்வரன் பதிவைத் தட்டினான். விசைகள் தட்டும் ஓசை. பிறகு, தொண்டை நிறையத் தண்ணீரோடு ஒரு பெண் குரல்.

"எடுத்தவன் எங்கன இருக்கான்?"

தட்டும் ஓசை நிற்கவில்லை. மறுபடி அதே கேள்வி. மூன்றாவது தடவை, மைக்கில் வாயை வைத்துக் கேட்டதுபோல அத்தனை கிட்டே.

அதன் பிறகு மதுமதியின் குரல், கேள்வித்தாளை விட்டுக் கண்ணெடுக்காதவளின் குரல்.

"அக்காள்மடம். மெயின்ரோட்டுக் கடை. என்னைய எழுத விடு."

பதிவு முடிந்தது.

அவன் நிமிர்ந்தான். ரிப்பேருக்கு வந்த லேப்டாப்புகள் வாசலிலிருந்து அவன் நாற்காலி வரை வரிசையாக அடுக்கியிருந்தன. எதிலும் பேட்டரி இல்லை.

வாசலோரத்தில் இருந்த ஒன்றின் வைஃபை விளக்கு நீலமாக எரிந்தது.

அடுத்தது எரிந்தது.

அதற்கு அடுத்தது.