மகாராணி தின்ற தக்காளி

வாலுவின் அப்பா டவுன் பஸ் ஓட்டுநர். வாரத்தில் ஆறு நாள் பதினேழாம் நம்பர் பஸ்ஸை நிமிடம் பிசகாமல் ஓட்டுவார். ஏழாம் நாள் குடும்பத்தை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புவார். அதையும் நிமிடம் பிசகாமல்தான் செய்வார்.

அருவிக்குப் போனபோது அருவியைப் பார்க்கப் பதினோரு நிமிடம் ஒதுக்கினார். கலங்கரை விளக்கத்துக்குப் போனபோது ஏற ஆறு நிமிடம், இறங்க நாலு நிமிடம்.

"அப்போ கடலை எப்போ பார்க்கறது?" என்று அம்மா கேட்டார்.

"ஏறும்போதே ஜன்னல் வழியா பார்த்துக்கலாம்" என்றார் அப்பா.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போவது காய்கறி, கோழிக் கண்காட்சிக்கு. இது முழுக்க முழுக்க வாலுவுக்கான பயணம். சிறுவர்கள் வளர்க்கும் கோழிகளில் எது அழகான கோழி என்று அங்கே ஒரு போட்டி. அதில் அவளுடைய வெள்ளைக் கோழி மகாராணியும் கலந்துகொள்கிறது.

மகாராணி என்று சும்மா பெயர் வைக்கவில்லை. கீரை கொஞ்சம் வாடியிருந்தாலும் அது திரும்பிப் பார்க்காது. வெள்ளரிக்காயை ஒரு கொத்து கொத்திப் பார்க்கும், பிடிக்காவிட்டால் அதன் மேலேயே ஏறி நிற்கும். நேற்று வாலு அதைக் குளிப்பாட்டி, ஹேர் டிரையரில் காய வைத்திருந்தாள். இப்போது அது புதுத் தலையணை போலப் புசுபுசுவென்று இருந்தது.

"போன வருஷம் ரெண்டாம் பரிசு. இந்த வருஷம் முதல் பரிசு எனக்குத்தான்" என்றாள் வாலு.

"உனக்கா, கோழிக்கா?" என்று கேட்டான் தம்பி பொடியன்.

"பத்து மணிக்குப் பதிவை முடிச்சிடுவாங்க. ஒன்பது முப்பத்தெட்டுக்கு நாம அங்க இருப்போம்" என்றார் அப்பா.

வேன் கிளம்பியது. கடைத்தெருத் திருப்பத்தில் ஒரு பஸ் நிறுத்தம். அங்கே கூடையோடு நின்ற ஒரு பெண்மணி, வேனுக்குப் பின்னால் வந்த பஸ்ஸைப் பார்த்துக் கையை நீட்டினார். அப்பாவின் கால் தானாகவே பிரேக்கை அழுத்தியது.

"ஏறுங்க, ஏறுங்க! உள்ள நகருங்க!" என்றார் அப்பா.

அந்தப் பெண்மணியும் ஏறிவிட்டார். பின்னால் இருந்த கோழிக் கூண்டைப் பார்த்தார். "கண்காட்சிக்குத் தனியா வேன் விட்டிருக்காங்களா? நல்ல காரியம். எனக்கு ஒரு டிக்கெட் குடுங்க" என்று அம்மாவிடம் கையை நீட்டினார்.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "என்னங்க! இது பதினேழாம் நம்பர் இல்ல, நம்ம வேன்!"

அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார். "பழக்க தோஷம்!"

"ஐயோ, மன்னிச்சுக்குங்க" என்று அந்தப் பெண்மணி இறங்கப் பார்த்தார்.

"உக்காருங்க அக்கா, நாங்களும் அங்கதான் போறோம். அடுத்த ஸ்டாப்ல இவர் வேற யாரையும் ஏத்தாம நான் பார்த்துக்கறேன்" என்றார் அம்மா.

வந்தவர் ஒரு தையல்காரர். கழுத்தில் அளவு டேப் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. துணி மூடிய கூடையைப் பின்னால், மகாராணியின் கூண்டை ஒட்டி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"கூடையில என்ன அத்தை?" என்று கேட்டாள் வாலு.

"தக்காளி. அழகுப் பிரிவுல அஞ்சு தக்காளி குடுக்கணும், அஞ்சும் ஒரே அளவா இருக்கணும். டேப் வெச்சு அளந்து பறிச்சேன். மூணு வருஷமா ரெண்டாம் பரிசுதான். முதல் பரிசை அந்த பேக்கரிக்காரர் தட்டிட்டுப் போயிடறார்."

"நானும் ரெண்டாம் பரிசுதான் அத்தை!" என்றாள் வாலு. இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

வேன் மைதானத்தை அடைந்தபோது மணி ஒன்பது நாற்பத்தொன்று. "மூணு நிமிஷம் லேட்" என்று அப்பா முகத்தைத் தொங்கப்போட்டார். தையல்கார அத்தை நன்றி சொல்லிவிட்டு, கூடையோடு கூட்டத்தில் கலந்துவிட்டார்.

வாலு கூண்டை இறக்கினாள். மகாராணியின் வெள்ளை நெஞ்சு முழுவதும் சிவப்பு!

"ரத்தம்!" என்று அலறினாள்.

பொடியன் விரலால் தொட்டுப் பார்த்தான். "ரத்தம் இல்ல. இதுல விதை இருக்கு."

வேனின் தரையில் ஒரு தக்காளிக் காம்பு கிடந்தது. காம்பு மட்டும்தான் கிடந்தது. மகாராணி கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டி, ஒன்றும் தெரியாதது போல அலகைத் துடைத்துக்கொண்டது.

"யாரும் பார்க்கல. குழாயில கழுவிட்டா பத்து மணிக்குள்ள வெள்ளையாயிடும்" என்றான் பொடியன்.

வாலுவுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஒரு மாதமாக அவள் கனவிலும் அந்த முதல் பரிசுதான். ஆனால் தையல்கார அத்தைக்கு இன்னும் விஷயம் தெரியாது. பதிவு மேஜையில் துணியை விலக்கும்போதுதான் தெரியும். அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கவா சொல்ற? நீ இதைப் பிடி!" என்று கூண்டைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு ஓடினாள்.

தையல்கார அத்தை வரிசையில் மூன்றாவதாக நின்றார்.

"அத்தை, உங்க தக்காளியை எங்க கோழி தின்னுடுச்சு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள் வாலு. "நான் பார்த்திருக்கணும். பார்க்காம விட்டுட்டேன்."

அத்தை துணியை விலக்கினார். நாலு தக்காளி இருந்தன. அவர் பக்கத்தில் இருந்த காலிப் பெட்டியில் பொத்தென்று உட்கார்ந்தார். திட்டியிருந்தால்கூட வாலுவுக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

"வீட்டுல வேற பழம் இல்லையா அத்தை?"

"மிச்சமெல்லாம் பச்சைக் காய்ம்மா."

வாலு பையிலிருந்து போட்டி விதிமுறைப் புத்தகத்தை எடுத்தாள். அழகுப் பிரிவுக்கு ஐந்து. அதில் மாற்றமில்லை. பக்கத்தைப் புரட்டினாள். ஓரிடத்தில் அவள் விரல் நின்றது.

"அத்தை, ருசிப் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு! மூணு தக்காளி போதும். அளவு, வடிவம் எதையும் பார்க்க மாட்டாங்களாம்!"

அத்தை உதட்டைப் பிதுக்கினார். "ருசியா இருக்குமான்னு எனக்கே தெரியாதே. போட்டிக்குன்னு வீட்டுல யாரையும் தொடவே விடல. அளந்து அளந்து பார்த்தேனே தவிர, ஒண்ணையும் தின்னு பார்த்ததில்ல."

"எங்க கோழி தின்னு பார்த்துடுச்சே! பிடிக்காததை அது ஒரு கொத்தோட விட்டுடும் அத்தை. உங்க தக்காளியில காம்பை மட்டும்தான் மிச்சம் வெச்சிருக்கு!"

அத்தை அவளைப் பார்த்தார். பிறகு குபுக்கென்று சிரித்துவிட்டார். "சரி, கோழியோட வாக்கை நம்பிப் போவோம். எங்க இருக்கு அந்த மேஜை?"

அது மைதானத்தின் மறுகோடியில் இருந்தது. மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. இருவரும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டது போல ஓடினார்கள். அத்தையின் டேப் பின்னால் பறந்தது. மேஜையில் இருந்தவர் நோட்டை மூடப்போகும் நேரத்தில் மூன்று தக்காளிகள் அவர் முன்னால் உட்கார்ந்தன.

மகாராணியை அப்பாவும் அம்மாவும் எப்படியோ நேரத்துக்குப் பதிவு செய்துவிட்டார்கள். ஆனால் நீள வரிசையில் நின்றதில் அதைக் கழுவ நேரமில்லை.

நடுவராக வந்த கால்நடை மருத்துவர் குனிந்து பார்த்தார். "இதுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். சாப்பிட்டுட்டு வாய் தொடைக்கல" என்றான் பொடியன்.

ஏழு கோழிகளில் மகாராணிக்கு ஏழாவது இடம் கிடைத்தது. வாலு மகாராணியைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள். அம்மா அவள் தோளில் கை போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு ருசிப் பிரிவுக்கு மூன்று நடுவர்கள் வந்தார்கள். எல்லாத் தட்டுகளிலும் ஆளுக்கு ஒரு துண்டு சாப்பிட்டார்கள். அத்தையின் தட்டில் மட்டும், மூன்றாவது நடுவர் தன் துண்டை முடித்துவிட்டு, பக்கத்து நடுவரின் துண்டையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அந்த நடுவர் முறைத்தார். கூட்டம் சிரித்தது.

முதல் பரிசு யாருக்கு என்று அதற்கு மேல் யாரும் அறிவிக்கத் தேவையில்லை. இருந்தாலும் அறிவித்தார்கள். அத்தை போட்ட கூச்சலில் கோழிகளெல்லாம் கொக்கரித்தன. பேக்கரிக்காரரே வந்து, "எனக்குக் கொஞ்சம் விதை தருவீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அத்தை பரிசுக் கோப்பையோடு நேராக வாலுவிடம் வந்தார்.

"உன் பரிசு என்னால போச்சேம்மா."

"உங்களால இல்ல அத்தை, மகாராணியாலதான். நான் அது கூட இன்னும் பேசல."

அத்தை கூடைக்குள் கையை விட்டார். நாலில் மூன்று போட்டிக்குப் போக, மிச்சம் ஒரு தக்காளி இருந்தது. அதைத் துடைத்து வாலுவின் கையில் வைத்தார். "நான்கூட இன்னும் தின்னு பார்க்கல. நீ தின்னு, எப்படி இருக்குன்னு சொல்லு."

வாலு ஒரு கடி கடித்தாள். சாறு முழங்கை வரை வழிந்தது. மகாராணியின் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த ஒரு கடியிலேயே போய்விட்டது. அந்தக் கூடைக்குப் பக்கத்தில் மகாராணிக்குப் பதிலாக அவளை உட்கார வைத்திருந்தால், ஐந்தையும் தின்றிருப்பாள்.